பெல்ற் காரும் செயின் காரும்: மல்லாவியில் பத்து வருட ஓட்டம்

எஞ்சினில் பிஸ்ரனும் வால்வும் நேரம் தவறாமல் அசையப் பிணைத்து வைப்பது ரைமிங் பெல்ற், இல்லாவிட்டால் ரைமிங் செயின். செயின் என்றால் எஞ்சின் உள்ளவரை கிடக்கும், பெல்ற் என்றால் எந்த நேரம் அறுமோ என்ற பயம். எங்கள் வன்னிப் பக்கத்தில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நானும் சொல்லித் திரிந்தவன்தான்.

முதல் கார் சுசுகி அல்ரோ 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, ரைமிங் பெல்ற். 2014 முதல் 2020 வரை மல்லாவி, மாங்குளம், கிளிநொச்சி என்று ஓடினேன். வாங்கின கையோடு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பெல்ற்றின் பல்லடியில் மெல்லிய வெடிப்பு. ஒரு ஓரம் ஒயிலில் ஊறி வீங்கியிருந்தது, ஒயில் சீல் கசிந்திருக்கிறது. மூடியின் மூலை உடைந்திருந்ததால் உள்ளே கிரவல் தூசி வேறு. பெல்ற், அதை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர், சீல் மூன்றையும் ஒன்றாக மாற்றினோம். 2019இல் இன்னொரு தடவை. மீற்றரில் அவ்வளவு ஓடியிருக்கவில்லை, ஆனால் வெயிலில் றப்பருக்கு வயதுதான் கணக்கு. இரண்டு தடவையும் அரை நாள் வேலை. ஆறு வருடத்தில் அவ்வளவுதான் செலவு.

அப்புறம் 660 சிசி யப்பான் கார், செயின். பெயர் வேண்டாம், பிழை காரில் இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு வாங்கியது என்பதால் விலையும் கூட, தெரிவும் குறைவு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வாரம் 20 லீற்றர் பெற்றோல் தந்த காலத்தில் கார் ஓடியதைவிட வரிசையில் நகர்ந்ததுதான் அதிகம். ஸ்ராட் பண்ணுவது, பத்தடி நகர்வது, நிறுத்துவது. மீற்றர் ஏறவில்லை, நானும் ஒயில் மாற்றவில்லை. இது என் மடைத்தனம்.

அடுத்த வருடம் காலையில் ஸ்ராட் பண்ணினால் இரண்டு மூன்று செக்கன் தகரப் பேணிக்குள் கல்லுக் குலுக்கும் சத்தம். அண்ணை (எங்கள் மெக்கானிக்) காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “செயின் இழுபட்டிட்டுது” என்றார். அந்த எஞ்சினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. கறுத்துத் தடித்த ஒயில் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேராது. செயினின் ஊசிகளும் தேயும். எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் திறந்து செயின், வழிகாட்டிகள், ரென்சனர் மாற்ற மூன்று நாள். காசும் பெல்ற் வேலையைப் போல நாலு மடங்கு. திறந்தபோது கிடந்த ஒயில் சேற்றைப் பார்த்தால் அது என் காலத்தில் மட்டும் படிந்ததில்லை. முந்தின சொந்தக்காரரும் என்னைப்போலத்தான்.

புதுக்கார் வாங்கி ஒயிலை ஒழுங்காக மாற்றுகிறவருக்குச் செயின்தான் நல்லது, அதில் வாதமில்லை. ஆனால் மூன்றாம் கை, நாலாம் கைக் காருக்கு நான் பெல்ற்றையே எடுப்பேன். பெல்ற்றைப் புதிதாகப் போட்டால் பழைய கணக்கு முடிந்தது. செயினில் முந்தினவரின் கணக்கும் நம்மோடு வரும்.

செயின் கார் பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் விடியவே போங்கள். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஸ்ராட் பண்ணி அந்தச் சத்தத்தை ஓட விட்டுவிட்டார்கள்.