டிஸ்க்குக்குள் டிஸ்க்: என்எஃப்எஸ் சர்வரில் இரண்டு வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் டிசைன் அறை. டெபியன் 12 ஓடும் ஒரு சர்வர், லினக்ஸ் போட்ட ஐந்து கணினிகள், கிகாபிட் சுவிட்ச். சர்வரில் இருக்கும் கோப்புகளை மற்ற கணினிகள் (கிளையண்டுகள்) நெட்வொர்க் வழியாகத் தம் சொந்த ஃபோல்டர் போலத் திறக்க வைப்பது என்எஃப்எஸ். சர்வரில் 4 டிபி டிஸ்க் 'தரவு' என்ற ஃபோல்டரில் மவுண்ட் ஆகிறது, அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கிறது. அதற்குள் 'டிசைன்' என்ற ஃபோல்டரில் 2 டிபி டிஸ்க், அதற்கும் உள்ளே 'பழையவை' என்ற ஃபோல்டரில் 1 டிபி பார்ட்டிஷன். மூன்றிலும் இருப்பது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை). இந்த அமைப்பு இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் ஓடிய பிறகு தெரிந்தவை இவை.

'தரவு' ஃபோல்டரை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் (நெட்வொர்க்கில் பகிர்ந்தால்), கிளையண்டில் 'டிசைன்' காலியாகத் தெரியும். இது கோளாறு அல்ல. என்எஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் கொடுக்கும் ஹேண்டிலில் (அடையாளச் சீட்டில்) ஃபைல் சிஸ்டத்தின் அடையாளமும் ஐநோடு எண்ணும் (அந்த ஃபைல் சிஸ்டம் கோப்புக்குத் தரும் எண்) இருக்கின்றன. ஐநோடு எண் ஒரு ஃபைல் சிஸ்டத்துக்குள் மட்டுமே தனித்துவமானது. அடுத்த டிஸ்க்கிலும் அதே எண் இருக்கலாம். அதனால் சர்வர் மவுண்ட் எல்லையில் நின்றுவிடுகிறது. கண்ணில் படுவது மேல் டிஸ்க்கில் இருக்கும் வெற்று ஃபோல்டர்.

பலரும் உடனே போடுவது கிராஸ்மவுண்ட் ஆப்ஷன். எதை யாருக்குப் பகிர்வது என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில், 'தரவு' வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும், உள்ளே இருக்கும் எல்லா டிஸ்க்கும் தெரிந்துவிடும். முதல் வாரத்தில் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கீழே மவுண்ட் ஆகும் எதையும் பின்னர் விலக்கி வைக்க முடியாது. கணக்கு வைத்திருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கை யாராவது 'தரவு'க்குள் மவுண்ட் செய்தால், அதுவும் மேல் டிஸ்க்கின் அதே உரிமைகளோடு ஐந்து கணினிக்கும் போய்விடும். நிரந்தரமாக ஓட வேண்டிய இடத்தில் கிராஸ்மவுண்ட் வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

ஒவ்வொரு டிஸ்க்கையும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் தனி வரியாக எழுதுவதுதான் நிலைத்து நிற்கிறது. மூன்று வரிகள், மூன்றிலும் 192.168.10.0/24 (பட்டறையின் நெட்வொர்க் முகவரி), ஆர்டபிள்யூ (படிக்கவும் எழுதவும்), சிங்க் (டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில்), நோ சப்ட்ரீ செக் (உள் ஃபோல்டர் சோதனை வேண்டாம்). முதல் வரிக்கு எஃப்எஸ்ஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) 10, அடுத்ததற்கு 11, கடைசிக்கு 12. முகவரிக்கும் ஆப்ஷன்கள் இருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும்: அந்த நெட்வொர்க்குக்கு இயல்பு அமைப்பும், எழுதிய உரிமைகள் ஊருக்கே பொதுவாகவும் போய்விடும். எழுதிய பின் அதை அமலாக்க எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கட்டளை, பிறகு சரிபார்க்க -வி. கிளையண்டில் என்எஃப்எஸ் பதிப்பு 4 என்றால் 'தரவு' ஒன்றை மவுண்ட் செய்தாலே போதும்; உள்ளே நுழையும்போது மற்ற இரண்டும் தாமாக மவுண்ட் ஆகும், கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தாமாகவே கழன்றுகொள்ளும். பதிப்பு 3 மட்டும் தெரிந்த பழைய கருவிகளுக்கு, உள் டிஸ்க்கை மறைக்காதே என்று சொல்லும் நோஹைட் ஆப்ஷன் தேவை. ஆனால் அது ஒற்றை முகவரிக்குத்தான் நம்பகமாக வேலை செய்யும், சப்நெட்டுக்கு (முகவரித் தொகுதிக்கு) அல்ல. அவற்றில் மூன்றையும் தனித்தனியாக மவுண்ட் செய்துவிடுவதே நிம்மதி.

இனி இந்த அமைப்பின் உண்மையான ஆபத்து. கரண்ட் போய் வந்து சர்வர் எழும்போது 2 டிபி டிஸ்க் மட்டும் எழவில்லை என்று வையுங்கள். எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) நோஃபெயில் (டிஸ்க் வராவிட்டாலும் நிற்காதே) இருப்பதால் சர்வர் காத்திருக்காமல் மேலே போய்விடும். கிளையண்டில் 'டிசைன்' திறக்கும், காலியாக இருக்கும், எழுதவும் விடும். அன்று சேமித்த கொலுசு டிசைன் எல்லாம் 4 டிபி டிஸ்க்கின் வெற்று ஃபோல்டரில் போய் உட்காரும். மறுநாள் டிஸ்க் சரியாக மவுண்ட் ஆனதும் அவை அடியில் மறைந்துவிடும். அழியவில்லை, மூடப்பட்டிருக்கின்றன. 'தரவு'வை வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து (அதே ஃபோல்டரை இன்னோர் இடத்திலும் காட்டச் செய்து), அங்கே 'டிசைன்' உள்ளே பார்த்தால் கிடைக்கும்.

இதற்கு மவுண்ட்பாயிண்ட் என்ற எக்ஸ்போர்ட் ஆப்ஷன் போதும் என்று நினைப்பது பாதி சரி. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் அந்த வரியை எக்ஸ்போர்ட் செய்யாமல் அது தடுக்கும். ஆனால் அந்த வெற்று ஃபோல்டர் மேல் டிஸ்க்கின் பகுதி. மேல் டிஸ்க் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கும் வரை அதில் எழுதலாம். முழுத் தடுப்பு வேண்டுமென்றால் என்எஃப்எஸ் சேவையை நிறுத்தி, முதலில் 'பழையவை'யை அன்மவுண்ட் செய்து, அந்த வெற்று ஃபோல்டருக்கு சிஎச்அட்டர் +ஐ (எந்த மாற்றத்தையும் தடுக்கும் பூட்டு) கொடுங்கள். பிறகு 'டிசைன்' டிஸ்க்கையும் அன்மவுண்ட் செய்து, அதன் ஃபோல்டருக்கும் அப்படியே. அதன்பின் ரூட் என்ற நிர்வாகியால்கூட அதில் ஒரு கோப்பை உருவாக்க முடியாது, ஆனால் மேலே டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்குத் தடையில்லை. டிஸ்க் வராத நாளில் ஊழியருக்குப் பிழைச் செய்தி வரும், உடனே சொல்வார்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்திலும் இதே ஏற்பாடுதான். மழைக்காலத்தில் கரண்ட் ஒரே நாளில் பலமுறை போய்வரும் மலையில் இந்த +ஐ இல்லாமல் டிஸ்க்குக்குள் டிஸ்க் வைக்கவே கூடாது.

டெபியனில் என்எஃப்எஸ் சர்வர் யூனிட்டில் (சேவையைத் தொடங்கும் அமைப்பு) ரெக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார், அதாவது சொன்ன டிஸ்க்குகள் மவுண்ட் ஆனால்தான் சேவை எழும் என்ற விதி, எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைப் பார்த்துத் தானாகவே சேர்ந்துவிடும். ஒரு டிஸ்க் செத்தால் மொத்தச் சேவையும் எழாது என்பதால் இங்கே அதைத் தவிர்த்திருக்கிறோம்.

தினசரி உபயோகத்தில் ஒன்று புரியவைக்க வேண்டியிருந்தது. 'டிசைன்' ஃபோல்டரிலிருந்து 'பழையவை'க்கு இழுத்துப் போடுவது ஒரே ஷேருக்குள் நகர்த்துவது போலத் தெரிந்தாலும் அது நகல் எடுத்து அழிக்கும் வேலை. 40 ஜிபி என்றால் பல நிமிடம் பிடிக்கும், நடுவில் ரத்து செய்தால் இரண்டு பக்கமும் பாதி கிடக்கும். பெரிய ஃபோல்டர்களை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாகச் சர்வரிலேயே நகர்த்துங்கள். காலி இடமும் அப்படித்தான்: 'தரவு'க்கு டிஎஃப் கட்டளை காட்டும் காலி இட அளவு மேல் டிஸ்க்குக்கு மட்டுமே. அங்கே 1 டிபி காலி என்று காட்டும்போதே 'டிசைன்' நிரம்பி நிற்கலாம்.

'தரவு' முழுவதையும் ஒரே வரியில் நகலெடுக்கும் பேக்கப் ஸ்கிரிப்டில் ஆர்சிங்க் (கோப்பு நகலெடுக்கும் கட்டளை) -எக்ஸ் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்த -எக்ஸ் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் நிற்கச் சொல்வது. உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்கும் பேக்கப்பில் வராது, 'டிசைன்' வெற்று ஃபோல்டராக விழும், பிழையும் காட்டாது. மூன்று டிஸ்க்குக்கும் மூன்று தனி ஆர்சிங்க் வரி எழுதி, மூன்றிலும் -எக்ஸ் வைத்தால் குழப்பமில்லை.

டிஸ்க் மாற்றும் நாளில் அன்மவுண்ட் 'பிஸி' என்று மறுக்கும். எந்த நிரல் டிஸ்க்கைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப், ஃப்யூசர் இரண்டிலும் எதுவும் தெரியாது, ஏனென்றால் டிஸ்க்கைப் பிடித்திருப்பது கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும் என்எஃப்எஸ். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யூ கொடுத்து அந்த வரியை விலக்கி, பிறகு -எஃப் கொடுத்தால் விட்டுவிடும். புது டிஸ்க்குக்கு அதே எஃப்எஸ்ஐடி 11 இருந்தாலும் திறந்திருந்த கோப்புகளுக்கு 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' (ஹேண்டில் செல்லாது) என்ற பிழை வரும், ஐநோடுகள் மாறிவிட்டதால். மாற்றும் முன்பே ஐந்து கணினியிலும் வேலையைச் சேமித்து மூடச் சொல்லி, முடிந்தபின் கிளையண்டில் ஒருமுறை அன்மவுண்ட் செய்து திரும்ப மவுண்ட் செய்யுங்கள்.