ஏற்காடு லூப் ரோட்ல டென்ட் ஸ்டே: இடத்துக்கு ஃபுல் மார்க், ராத்திரிக்கு பாதி தான்

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். ஏற்காடுல ஃபாரஸ்ட் கேம்பிங், ஜங்கிள் கேம்ப்னு ரீல்ஸ்ல வர்றது பெரும்பாலும் காபி எஸ்டேட்டுக்குள்ள இருக்கற தனியார் இடம் தாங்க. நாலு அடுக்கு மண்ணை சமம் பண்ணி டென்ட் அடிச்சு, சுத்தி சீரியல் பல்பு கட்டி, நடுவுல ஒரு கேம்ப் ஃபயர் குழி வெட்டியிருப்பாங்க. அதுல தப்பே இல்ல, ஆனா காட்டுக்குள்ள படுக்கப்போறோம்னு நெனச்சுட்டு பெங்களூர்ல இருந்து ஷூ பூட்ஸெல்லாம் வாங்கிட்டு வர்றவங்க வந்து இறங்கினதும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறாங்க, அதான் சொல்றேன். நாங்க போனது நாகலூர் தாண்டி, ஏற்காட்ட சுத்தி வர்ற லூப் ரோட்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற ஒரு எஸ்டேட். பேரு போடல, கொறையும் சொல்லப்போறேன், போதாக்கொறைக்கு அந்த பக்கம் இந்த மாதிரி இடம் வரிசையா இருக்கு, எல்லாத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை, நாங்க, மச்சான் குடும்பம், வாண்டுங்க எல்லாம் சேர்ந்து ரெண்டு கார். கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் கவர், பாட்டில் இருக்கான்னு பாத்துட்டு விட்டாங்க, மஞ்சப்பையும் ஸ்டீல் பாட்டிலும் எடுத்துட்டு போயிடுங்க, பிரச்சனையே இல்ல. அப்புறம் அந்த 20 கொண்டை ஊசி வளைவு. மேல ஏறுற வண்டிக்கு தான் வழி விடணும்ங்கற பழக்கமே இப்ப போயிடுச்சு, இறங்கறவன் ஹாரன அமுக்கிட்டே நடு ரோட்ல வர்றான், டூ வீலர்ல வர்ற பசங்கள பத்தி பேசவே வேணாம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் ஒசரம், ஏற்காடு 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஆறரை டிகிரி கொறையும்ங்கற கணக்குல பாத்தா எந்நேரமும் சேலத்த விட ஏழெட்டு டிகிரி கம்மியா தான் இருக்கும். சேலத்துக்காரங்களுக்கு டிசம்பர்ல கீழயே ஸ்வெட்டர் போட்டு வாக்கிங் போற பழக்கம் உண்டு, அப்ப மேல ராத்திரி எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க. இத ஏன் சொல்றேன்னா அந்த கேம்ப்ல குடுத்த கம்பளிய பத்தி பின்னாடி பேசணும்.

இடம் சூப்பர்ங்க. இதுல மறுபேச்சே இல்ல. சில்வர் ஓக் மரம் வரிசையா நிக்குது, ஒவ்வொன்னுலயும் மொளகு கொடி சுத்தி ஏறியிருக்கு, கீழ பூரா அரபிகா காபி செடி, டிசம்பர்ங்கறதால பழம் செவப்பா தொங்குது, பறிக்கற ஆளுங்க சாக்க இடுப்புல கட்டிட்டு காலைல ஏழரைக்கே வந்துட்டாங்க. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் தான் இந்த மலைக்கு காபிய கொண்டு வந்தாருன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அந்த கதைய கைட் ஒருத்தர் குழந்தைங்களுக்கு சொல்லிட்டு பழத்த பிதுக்கி உள்ள இருக்கற ரெண்டு கொட்டைய காட்டினாரு. மேல இருக்கற வழவழப்பு இனிப்பா இருக்கும், சப்பி பாருங்கன்னு சொன்னதும் எங்க சின்னது பத்து பழத்த காலி பண்ணிட்டான்.

டென்ட் போட்ட இடம் தான் எனக்கு ரொம்ப புடிச்சது. இத யாரும் ரிவ்யூல எழுத மாட்டேங்கறாங்க, டென்ட் கலரயும் பல்பயும் தான் போட்டோ எடுத்து போடறாங்க. மலைல டென்ட்டுக்கு எந்த எடம்ங்கறது தாங்க பாதி வேல. ரொம்ப கீழ பள்ளத்துல போட்டா ராத்திரி குளுந்த காத்து கனமா இறங்கி அங்கயே தேங்கும், விடிகாலைல எல்லாம் ஈரமா சொட்டும். உச்சில போட்டா காத்து டென்ட்ட தூக்கிட்டு போயிடும். இவங்க நடு சரிவுல, கல்லு கட்டின அடுக்குல போட்டிருக்காங்க, மேல் பக்கத்துல இருந்து வர்ற தண்ணி டென்ட்டுக்கு அடில போகாம சுத்தி வாய்க்கா வெட்டி விட்டிருக்காங்க. அந்த வாய்க்காவ பாத்ததுமே இது ரெண்டு மழ பாத்த ஆளு போட்ட இடம்னு தெரிஞ்சுது. ஒரே ஒரு டென்ட் மட்டும் நேரா ஒரு பெரிய சில்வர் ஓக்குக்கு அடில இருந்துச்சு, அந்த மரத்து கிளை காத்துக்கு படக்குனு ஒடியற ஜாதி, எங்களுக்கு அத தான் குடுத்தாங்க, வேற மாத்தி குடுங்கண்ணான்னு கேட்டதும் முகம் சுளிக்காம மாத்திட்டாங்க. நீங்களும் போனா மேல ஒரு தடவ அண்ணாந்து பாத்துட்டு பைய வைங்க.

இனி கொறைக்கு வருவோம். டென்ட் நல்லது தான், ரெண்டு லேயர், புதுசு. ஆனா படுக்கறதுக்கு குடுத்த மேட் இருக்கே, யோகா கிளாஸ்ல போடற அந்த மெலிசு மேட், அவ்வளவு தான். மேல என்ன தான் போத்தினாலும் குளிரு கீழ மண்ணுல இருந்து முதுகு வழியா ஏறுது, இது நெறைய பேருக்கு புரியறதில்ல, இன்னொரு கம்பளி குடுங்க இன்னொரு கம்பளி குடுங்கன்னு கேட்டு மேல மேல போத்திட்டே இருக்காங்க. ரெண்டாவது கம்பளிய மடிச்சு அடில போட்டா தான் தூக்கம் வரும். கம்பளியும் சொல்ற மாதிரி இல்ல, ஒன்னுல பழைய வேர்வ நாத்தம், என் வீட்டுக்காரம்மா அத வெளிய தூக்கி போட்டுட்டு தன் சால்வையயே போத்திட்டு படுத்துட்டாங்க. அப்புறம் குளிருதுன்னு எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினா காலைல உள் கூரைல இருந்து தண்ணி சொட்டும், மழ ஒழுகுதுன்னு பக்கத்து டென்ட்காரர் சண்டைக்கே போயிட்டாரு. ஒழுகலைங்க, நாலு பேர் விட்ட மூச்சு குளுந்த துணில பட்டு தண்ணியா நிக்குது. மேல இருக்கற வலை ஜன்னல கொஞ்சம் திறந்து விட்டா சரியாயிடும். இத செக் இன் பண்ணும்போதே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவர் கத்தியிருக்க மாட்டாரு, அந்த அக்கறை இல்ல.

பாத்ரூம் ஓகே. எட்டு டென்ட்டுக்கு மூணு, காலைல க்யூ நிக்கும், ஆனா சுத்தம். வெறகு பாய்லர்ல சுடு தண்ணி, பக்கெட்ல புடிச்சு எடுத்துக்கணும். ராத்திரி பாத்ரூம் போற பாதைல லைட் பத்தல, டார்ச் கட்டாயம், காட்டெருமை எஸ்டேட்டுக்குள்ள வர்ற ஊரு இது. அங்க வேல பாக்கற தாத்தா ஒருத்தரு "காட்டு மாடு நின்னா நீங்களும் நில்லுங்க சாமி, டார்ச்ச அதோட கண்ணுல அடிக்காதீங்க, போட்டோ கீட்டோனு கிட்ட போகாதீங்க, அது பாட்டுக்கு போயிடும்"னு சொன்னாரு. நாங்க பாத்தது சாணி மட்டும் தான்.

சாப்பாடு பத்தி சொல்லியே ஆகணும். பக்கத்து கிராமத்து அக்கா ஒருத்தங்க தான் சமையல். மெனுல பார்பெக்யூ, ஃப்ரைட் ரைஸ்னு போட்டிருந்தாங்க, பார்பெக்யூ சிக்கன் வெளிய கருகி உள்ள வேகாம கெடந்துச்சு, அத விடுங்க. "அக்கா உங்க வீட்டுல என்ன செய்வீங்களோ அத குடுங்க"ன்னு மச்சான் பொண்டாட்டி போயி கேட்டதுல சாமை சோறும் நாட்டுக்கோழி கொழம்பும் வந்துச்சு பாருங்க, அந்த மொளகு காரத்துல குளிரே போயிடுச்சு. ஏற்காடு இருக்கற இந்த சேர்வராயன் மலைல ராகியும் சாமையும் காலங்காலமா வெளையற ஊருல ஏன் ஃப்ரைட் ரைஸ் போடறாங்கன்னு எனக்கு புரியவே இல்ல. இதுல இன்னொரு கூத்து, சுத்தி நூறு ஏக்கர் காபி, காலைல குடுத்தது பாக்கெட் இன்ஸ்டன்ட் காபி! கேட்டா எஸ்டேட் கொட்டையெல்லாம் லாரி ஏறிடும் சார்னு சிரிக்கறாங்க. இதுக்கே அரை மார்க் கொறச்சுட்டேன்.

ராத்திரி. பத்து மணிக்கு மேல சவுண்ட் கூடாதுன்னு போர்டு இருக்கு, அந்த போர்டுக்கு கீழயே புளூடூத் ஸ்பீக்கர வெச்சு ஒரு ஆபீஸ் கோஷ்டி ஒரு மணி வரைக்கும் குத்து பாட்டு. மேனேஜர் பையன் போயி ரெண்டு தடவ கெஞ்சினான், அவன என்ன சொல்றது, சின்ன பையன். ஓனர் இருந்தா தான் இதெல்லாம் அடங்கும், ஓனர் சனிக்கிழமை சேலத்துல. கேம்ப் ஃபயர் குழிய சுத்தி மண்ணு செதுக்கி சருகு கூட்டி சுத்தமா வெச்சிருந்தாங்க, பக்கத்துலயே ரெண்டு பக்கெட் தண்ணி, அது நல்ல விஷயம். ஆனா அந்த கோஷ்டி எந்திரிச்சு போனப்ப நெருப்பு அப்படியே கனிஞ்சுட்டு இருந்துச்சு, மச்சானும் நானும் தான் தண்ணி ஊத்தி கெளறி விட்டு அணைச்சோம். டிசம்பர்ல பனி ஈரம் இருக்கறதால பரவால்ல, பிப்ரவரி மார்ச்ல இந்த மலை சரிவு புல்லெல்லாம் காஞ்சு கெடக்கும், சேலத்துல மொட்ட மாடில இருந்து பாத்தாலே ராத்திரில மலைல தீ கோடு போட்ட மாதிரி எரியறது தெரியும். அந்த மாசங்கள்ல கேம்ப் ஃபயர் உண்டுன்னு விளம்பரம் பண்ற இடத்துக்கு போகவே போகாதீங்க, அவ்வளவு தான் சொல்லுவேன்.

சரி, நெஜ காட்டுக்குள்ள டென்ட் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள பர்மிஷன் இல்லாம போனாலே கேஸ், 1882லயே போட்ட வனச் சட்டம் இன்னும் இருக்கு. 2018 மார்ச்ல தேனி குரங்கணில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல மாட்டி செத்ததுக்கு அப்புறம் ரூல்ஸ் இன்னும் இறுகிடுச்சு. இப்ப அதுக்கு ஒழுங்கான வழி இருக்கு, 2024 அக்டோபர்ல வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சாங்க, மாநிலம் பூரா 40 ரூட்டு, சேலம் பக்கமும் இருக்கு, ஆன்லைன்ல புக் பண்ணிட்டு போனா உள்ளூர் கைடோட கூட்டிட்டு போவாங்க. நடக்கணும்னு ஆசை இருக்கறவங்க பகல்ல அத முடிச்சுட்டு ராத்திரி எஸ்டேட் டென்ட்டுக்கு வாங்க. "எனக்கு ஒரு ஸ்பாட் தெரியும் ப்ரோ, யாரும் வரமாட்டாங்க"ன்னு கூட்டிட்டு போறவன நம்பாதீங்க, ஃபைன் கட்டறது நீங்க தான்.

சுத்தி பாக்கற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ஆனா எந்த நேரத்துக்கு எங்கன்னு தெரியாம போறாங்க. பகோடா பாயின்ட் கெழக்க பாத்தது, விடிகாலைல போங்க. லேடீஸ் சீட்ல சாயங்காலம் ஒக்காந்து, கீழ சேலம் லைட்டு ஒவ்வொன்னா எரிய ஆரம்பிக்கறத பாருங்க, மூட்டம் இல்லாத நாள்ல மேட்டூர் டேம் தண்ணி கூட மின்னும். கிளியூர் அருவி மழைக்காலம் முடிஞ்ச கையோட போனா தான் உண்டு, கோடைல போனா படி இறங்கி பாறைய பாத்துட்டு மூச்சு வாங்க ஏறணும். லேக்ல போட்டிங் லீவு நாள்ல க்யூவே ஒரு மணி நேரம், விட்டுடுங்க, கரைல மொளகா பஜ்ஜி மட்டும் சாப்ட்டுட்டு கெளம்புங்க.

சேர்வராயன் கோயில மட்டும் விடாதீங்க. 5326 அடி, மலையோட உச்சி, ஆனா உச்சி மாதிரியே இருக்காது, யாரோ சீவி விட்ட மாதிரி தட்டையா பெரிய மைதானம், கீழ பூரா பாக்சைட் செம்மண், குழந்தைங்க வெள்ள சாக்ஸ் போட்டுட்டு வந்தா அவ்வளவு தான். குகைக்குள்ள குனிஞ்சு போனா சேர்வராயனும் காவேரியம்மனும். மலை ஊர் ஜனங்களுக்கு இது குலசாமி, மே மாசம் திருவிழான்னா சுத்து கிராமம் பூரா இங்க தான். வெளிய வந்தா காத்து காதுக்குள்ள அடிக்கும், நாங்க போனப்ப மேகம் தரையோட போச்சு, பத்தடி தள்ளி நின்ன மச்சான காணோம்.

ரேட்டு ஆளுக்கு 1500, மூணு வேள சாப்பாடோட, சின்ன பசங்களுக்கு பாதி. இந்த காசுக்கு டவுன்ல சுமாரான லாட்ஜ் ரூமே வந்துடும், குளிரு தாங்காதவங்க, முட்டி வலி இருக்கற பெரியவங்க அங்க போறது உத்தமம், டென்ட்ல குனிஞ்சு நிமிந்து அவங்களால முடியாது, எங்க மாமியார கூட்டிட்டு போகாதது நல்லதா போச்சு. நான் 5க்கு 3.5 குடுப்பேன். மேட்டயும் கம்பளியையும் மாத்தி, அக்கா சமையலயே மெனுவா போட்டா தாராளமா 4.5.

புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல மேட் எவ்வளவு கனம், பாத்ரூம் எத்தன, ராத்திரி ஓனர் இருப்பாரா, இந்த மூணையும் கேளுங்க, டென்ட்டு என்ன கலருன்னு எல்லாம் கேக்க வேணாம். முடிஞ்சா சனிக்கிழமைய விட்டுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு போடுங்க, ஸ்பீக்கர் கோஷ்டியெல்லாம் மத்தியானமே கீழ எறங்கிடும், எங்ககிட்டயே ஞாயிறுன்னா ஆளுக்கு 300 கொறச்சுக்கறேன்னு சொன்னாங்க, திங்கக்கெழமை காலைல இன்னொரு மலை ரோடான குப்பனூர் வழியா இறங்கினா ட்ராஃபிக்கும் இருக்காது, ஒம்பதரைக்குள்ள சேலத்துல ஆபீஸ்ல ஒக்காந்துடலாம்.