இஸ்திரியச் சுரமும் மின்கிட்டாரும்: மூவர், மூன்று வழி

குரோஷியாவின் இஸ்திரியா தீபகற்பத்தில் நாட்டுப்பாட்டை ராக்கோடு கலக்க நினைப்பவருக்கு முதல் தலைவலி சுருதிதான். இசையமைப்பாளர் இவான் மாதெதிச் ரோண்கோவ் எழுதிக்காட்டிய இஸ்திரிய வரிசையில் ஆறே சுரங்கள். நம் கர்நாடக இசைக் கணக்கில் ச, சுத்த ரி, சாதாரண க, அந்தர க, பிரதி ம, ப. காந்தாரம் இரண்டும் அடுத்தடுத்து! இதுவும் தோராயம்தான், ஊர்ப் பாடகர்கள் பியானோ கட்டைக்கு அடங்க மாட்டார்கள். இரு குரல்கள், சற்றே மூக்கொலி, முடிவில் ஒரே சுரத்திலோ ஒரு ஸ்தாயி தள்ளியோ சேர வேண்டும். 2009இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் ஏறிய மரபு இது.

எதி மாருஜின் இந்தத் தலைவலியைச் சுற்றிக்கொண்டு போனவர். வோத்ன்யான் ஊரில் 1980இல் தொடங்கிய அவரது குஸ்தாஃபி குழுவில் வட்டாரப் பேச்சு, அக்கார்டியன், டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ்-மெக்சிகோ எல்லைப் பாணி) துள்ளல். அக்கார்டியனும் கிட்டாரும் ஒரே கட்டைக் கணக்கில் நிற்பதால் உரசலே இல்லை. ஆட்டத்துக்கு இதுவே முதலிடம். பழைய சுரவரிசையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

பூலாவில் பிறந்த தமாரா ஓப்ரோவாட்ஸ் ஜாஸ் வழி. குரலோடு புல்லாங்குழலும் அவருடையதே. குழலில் உதட்டைச் சாய்த்தே சுரத்தை இறக்கலாம். அரைச்சுர உரசலை ஜாஸ் பிழையாக எண்ணுவதில்லை. மூவரில் நுட்பம் இவரிடம்தான்.

லிவியோ மொரோசின் எடுத்தது கரடுமுரடான பாதை. ராக் பாடகரான அவர், இஸ்திரிய வாத்தியங்கள் கைவந்த தாரியோ மாருஷிச்சுடன் சேர்ந்து தந்த ஆல்பம் 'பூரா திராமொந்தானா'. பெயரில் இருப்பவை இரண்டு காற்றுகள்: பூரா வடகிழக்கிலிருந்து, திராமொந்தானா வடக்கிலிருந்து. ஊர் வாத்தியமான சோபெலே நம் நாகஸ்வரம்போல் இரட்டைச் சீவாளி வைத்தது. பெரிதும் சிறிதுமாக ஜோடியாகத்தான் ஊதுவார்கள்.

இவ்வகைக் கலப்பில் வழக்கமாகச் சறுக்கும் இடம்: டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட கிட்டாரில் முழு மேஜர் கார்டு, அதாவது ச, அந்தர க, ப மூன்றையும் சேர்த்து அடிப்பது. அதன் காந்தாரம் சீவாளியின் காந்தாரத்தோடு மோதி 'வவ்வவ்' என்று அதிரும். காந்தாரத்தை விட்டு ச-ப மட்டும் அடித்தால் இடம் கிடைக்கும். பேஸ் கிட்டார், பாட்டு முடியும் சுரத்தையே பிடித்து நின்றால் இன்னும் நல்லது. பதிவுக்குப் பின் ஆட்டோ-ட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளைப் போட்டால் எல்லாம் வீண். நெருங்கிய சுரங்களை அது பக்கத்துக் கட்டைக்கு இழுத்துவிடும்.

முதலில் கேட்க குஸ்தாஃபி போதும். சுரம் எங்கே உரசுகிறது என்று பிடிபட வேண்டுமானால் மொரோசின்-மாருஷிச், ஹெட்ஃபோன் அவசியம்.