அலுமினியத் தோண்டுகரண்டி: 20 கிராமுக்குள் ஒரு காட்டுக் கழிப்பறை

காட்டில் மலம் கழித்து மூடக் குழி தோண்டும் கரண்டி இது; பையில் இருப்பதே தெரியாத எடை. 17 செ.மீ. நீளம் என்பதால் குழிக்குள் நிறுத்தியே ஆழம் பார்க்கலாம். தேவை 15 முதல் 20 செ.மீ. மேலடுக்குக் கருமண்ணில்தான் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம், அதற்கும் கீழே போனால் மக்கத் தாமதமாகும்.

இளகிய மண்ணில் இரண்டே நிமிட வேலை. இறுகிய தரையில் மெல்லிய விளிம்பு உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடுகிறது; கைக்குட்டை சுற்றிப் பிடியுங்கள். கல்லை நெம்பினால் கழுத்து வளையும். வேர் தட்டுப்பட்டால் அறுக்காமல் இடத்தை மாற்றுங்கள், நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். மூடும்போது கரண்டி கழிவில் படக்கூடாது. கிளற ஒரு குச்சி போதும்.

உறை தராதது குறைதான். ஈரத்துடைப்பான் மக்காது, புதைக்காமல் திரும்ப எடுத்துவர மூடும் பை தனியாக வேண்டும். பாறை நிலத்துக்கு இது உதவாது.