1980-இன் பிரெப்பி உடை: எதைப் புதிதாக வாங்கலாம், எதைப் பழையதாகத் தேடலாம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் உள்ள தனியார் பள்ளிகளிலும், பிறகு யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களிலும் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அன்றாட உடைக்குத்தான் பிரெப்பி என்று பெயர். 1980-இல் லிசா பெர்ன்பாக் தொகுத்து வெளியிட்ட 'தி அஃபிஷியல் பிரெப்பி ஹேண்ட்புக்' அந்த வட்டத்தைக் கேலி செய்யும் நூல்; ஆனால் நாடு முழுவதும் அதை வாங்கியவர்கள் கடைக்கு எடுத்துச் செல்லும் பட்டியலாகவே அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பாஸ்டனில் எங்கள் அலுவலகம் நடத்திய எண்பதுகள் மாலை நிகழ்ச்சிக்காக அந்த ஆண்டின் கோடைக்கால ஆணுடையை முழுமையாகச் சேர்த்தபோது வாங்கியவற்றின் மதிப்பீடு இது. மாறுவேடப் பொருள் விற்கும் கடைகளில் 'எண்பதுகளின் பிரெப்பி' என்று ஒரே உறையில் கிடைக்கும் பாலியெஸ்டர் தொகுப்பை இந்தக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. பளபளப்புதான் இந்த உடைக்கு முதல் எதிரி.

உடையின் அடித்தளம் காலர் நுனியில் பொத்தான் வைத்த ஆக்ஸ்ஃபோர்டு துணிச் சட்டை. இங்கிலாந்தில் போலோ ஆடியவர்கள் காலர் முகத்தில் அடிக்காமல் இருக்க அதன் நுனிகளைப் பொத்தானிட்டுக் கட்டியிருந்ததைப் பார்த்து, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இதை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. இந்தத் துணியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு மெல்லிய பாவு இழைகள் சேர்ந்தாற்போல, குறுக்கே ஓடும் ஒரு தடித்த ஊடையைக் கடந்து செல்லும். நீலச் சட்டையில் பாவு நீலமாகவும் ஊடை வெள்ளையாகவும் இருப்பதால், வெளிச்சத்தில் அருகே பிடித்துப் பார்த்தால் நீலம் ஒரே பரப்பாகத் தெரியாமல் பொடிப்பொடியாகத் தெரியும். அதைவிட முக்கியமானது காலர். உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைக்காத பழைய முறைக் காலர், பொத்தானைப் போட்டதும் தட்டையாகப் படியாமல், கழுத்திலிருந்து மெல்ல வளைந்து புடைத்து இறங்கும். அந்த வளைவு இல்லாத சட்டை, மற்ற எல்லாம் சரியாக அமைந்தாலும், வங்கி ஊழியர் சட்டையாகவே தெரிகிறது.

எனவே இஸ்திரி தேவையில்லை என்ற உறுதியோடு விற்கப்படும் புதிய சட்டைகளைத் தவிர்த்துவிடலாம். அந்த ரசாயனப் பூச்சு சுருக்கத்தோடு சேர்த்துத் துணியின் தளர்வையும் எடுத்துவிடுகிறது. வட கரோலினாவின் கார்லண்டு ஊரில் இருந்த ப்ரூக்ஸ் பிரதர்ஸ் சட்டைத் தொழிற்சாலை 2020-இல் மூடப்பட்டுவிட்டதால், அந்நிறுவனத்தின் அமெரிக்கத் தயாரிப்பு வேண்டுவோர் பழைய சட்டைகளைத் தேடலாம். நான் வாங்கியது 'மேக்கர்ஸ்' என்ற சொல் பொறித்த லேபிளோடு கூடிய வெளிர்நீலச் சட்டை. காலர் மடிப்பில் நூல் லேசாகப் பிரிந்திருந்ததால் விலையும் குறைந்தது. அந்த வட்டத்தில் பிரிந்த காலரோடு நடமாடுவது கௌரவக் குறைவாக இருந்ததில்லை என்பதால், இது குறையா நிறையா என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது முதலை பொறித்த பனியன் துணிச் சட்டை. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1933-இல் பிரான்சில் தொடங்கிய தயாரிப்பு இது. அமெரிக்காவில் 1952 முதல் 1993 வரை ஐசாட் என்ற பெயரோடு சேர்த்து விற்கப்பட்டது. 1980-இன் தோற்றம் வேண்டுமானால் லேபிளில் இரண்டு பெயர்களும் இருக்க வேண்டும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சில விரற்கடை நீளமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; குனிந்து பந்தை அடிக்கும்போது சட்டை கால்சட்டைக்குள்ளிருந்து வெளியே வராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பழையவற்றில் பாலியெஸ்டர் கலந்தவையும் அதிகம் என்பதால், நூறு விழுக்காடு பருத்தி என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. இணையத்தில் விற்ற ஒருவர் நடுத்தர அளவு என்று குறிப்பிட்டு அனுப்பிய சட்டை, பல ஆண்டுச் சலவையில் சுருங்கி, பதினாறு வயதுப் பையனுக்குத்தான் பொருந்தும் நிலையில் வந்து சேர்ந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் அவர் சம்மதிக்கவில்லை. பழைய லேபிளில் உள்ள எழுத்தை நம்புவதைவிட, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை எத்தனை அங்குலம் என்று விற்பவரை அளந்து சொல்லச் சொல்வதே பாதுகாப்பு. புதிய லகோஸ்ட் சட்டை நூறு டாலரைத் தாண்டுகிறது. துணி அருமைதான், ஆனால் இந்த உடைக்கு அது கொஞ்சம் மிடுக்காகவே இருக்கிறது.

கால்சட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து அரசு உதவியோடு கல்லூரிக்குப் போன படைவீரர்கள் காக்கிக் கால்சட்டையை வளாகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அதே காக்கி இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இடுப்பு உயரமாகவும் தொடை தளர்வாகவும் இருந்தால் போதும், இன்றைய ஒட்டுக்கால் வெட்டு மட்டும் ஆகாது. துணிச்சல் உள்ளவர்கள் நான்டக்கெட் தீவில் மர்ரேஸ் டாகரி ஷாப் விற்கும் செங்கல்நிறக் கால்சட்டையை வாங்கலாம். வெளுத்து இளஞ்சிவப்பாக மாறிய பிறகுதான் அதற்கு மரியாதை. ஒரு மாலை நிகழ்ச்சிக்காக அத்தனை ஆண்டுகள் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

புதிதாகவே வாங்க வேண்டியது காலணி. 1936-இல் மெய்ன் மாநிலத்து ஜி.எச். பாஸ் நிறுவனம் வெளியிட்ட வீஜன்ஸ் லோஃபர்தான் இந்த உடைக்கு உரியது. நாடாவோ கொக்கியோ கிடையாது. மேற்பகுதியில் குறுக்கே ஓடும் தோல்பட்டையில், நாணயம் செருகும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். பழைய லோஃபரின் உட்தோல் முந்தைய உரிமையாளரின் பாதத்துக்குப் பழகிவிடுகிறது, அந்தப் பள்ளத்தில் நம் குதிகால் ஒருபோதும் உட்காராது. புதியது தொடக்கத்தில் விறைப்பாக இருக்கும். இறுக்கமாகத் தோன்றும் அளவையே தேர்ந்தெடுத்தால் தோல் விரிந்துகொடுத்த பிறகு சரியாகப் பொருந்துகிறது. தோலால் ஆன அடிப்பகுதி மழை நாளில் பளிங்குத் தரையில் வழுக்குகிறது என்பது உண்மையான குறை. காலுறை இல்லாமல் அணிவதுதான் முறை என்பதால், இரவில் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைப்பதும் அவசியமாகிறது.

இனி கோட்டு. மெட்ராஸ் கட்டம் போட்ட கோடைக்காலக் கோட்டு இல்லாமல் 1980-இன் கோடைக்கால பிரெப்பி உடை முழுமை பெறாது. சென்னைப் பகுதியில் கைத்தறியில் நெய்து ஏற்றுமதியான இந்தப் பருத்தித் துணியின் சாயம் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் இறங்கி, கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1960-களில் அமெரிக்க விளம்பரங்கள் இந்தச் சாயம் போகும் குணத்தையே உத்தரவாதமாகச் சொல்லி விற்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாளையக்காட்டுக் கைலியைப் போன்ற ஒரு கட்டத்தை, படகுக் குழாம் விருந்துக்குக் கோட்டாக அணிந்து வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இதில் ஏமாறுவது எளிது. புதிதாக விற்கும் கோட்டுகளில் சிலவற்றில் கட்டம் நெய்யப்படாமல் அச்சிடப்பட்டிருக்கிறது. உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறியிருப்பதே அதற்குச் சான்று. சாயமிட்ட நூலில் நெய்த துணியில் இருபுறமும் நிறம் ஒன்றாக இருக்கும், தறியில் விழுந்த சிறு முடிச்சுகளும் விரலுக்குத் தட்டுப்படும். நான் வாங்கிய பழைய கோட்டில் கருநீலமும் மஞ்சளும் சிவப்பும் மங்கி அழகாக இருந்தன. உள்துணி பாதியளவுக்கே வைத்துத் தைத்திருந்ததால் ஜூலை வெக்கையிலும் கோட்டு கனக்கவில்லை. தோள்பட்டையில் பஞ்சும் இல்லை. இதுவரை குறிப்பிட்டவற்றில் காசுக்கு முழு மதிப்புத் தந்தது இதுதான். தண்ணீரில் நனைக்கத் துணியாமல் உலர்சலவைக்கே கொடுத்து வருகிறேன்.

பட்டை நாடாவில் செய்த இடுப்பு வார் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். இரட்டை வளையக் கொக்கி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். தோளில் சுவெட்டரை முடிந்துகொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். மெட்ராஸ் கோட்டின் மேல் அதையும் போட்டால் உடை நாடகமாகிவிடும். வெறும் முதலைச் சட்டையோடு போவதானால் போட்டுக்கொள்ளலாம்.