யோகா கிளாசுக்கு வாட்ஸ்அப் பிசினஸ்: 2020ல இருந்து யூஸ் பண்றேன், என் அனுபவம்

மதுரைல எங்க வீட்டு மொட்டை மாடியிலதான் யோகா கிளாஸ் எடுக்குறேன். விடியக்காலை 5.30க்கு ஒரு பேட்ச், பத்து மணிக்கு பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வர்றவங்களுக்கு ஒரு பேட்ச். 2020 மார்ச்ல லாக்டவுன் வந்ததும் எல்லாம் நின்னு போச்சு, வந்துட்டிருந்த 22 பேர எப்படியாவது விட்டுடக் கூடாதுன்னுதான் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ப (சின்ன தொழில் பண்றவங்களுக்கான தனி வாட்ஸ்அப்) போட்டேன், கிளாஸ் ஜூம்ல. ஜூம் ஃப்ரீல 40 நிமிஷம்தான், எல்லாரும் சவாசனத்துல கண்ண மூடிப் படுத்திருக்கும்போது கட் ஆகிடும், அதனால 35 நிமிஷத்துல முடியிற மாதிரி ஆசன வரிசையவே மாத்திக்கிட்டேன்.

மொதல்ல எல்லாருக்கும் ஒரே குரூப். குட்மார்னிங், பாட்டி வைத்தியம் ஃபார்வர்டுன்னு அதுபாட்டுக்கு ஓடும். மாடில திரும்ப கிளாஸ் ஆரம்பிச்சப்புறம், ஒரு நாள் கிளாஸ் இல்லன்னு நான் போட்ட மெசேஜ் அதுக்குள்ள போய் மாட்டிக்கிச்சு, ஒரு அம்மா மழையில குடையோட வந்து கேட்டுல நின்னாங்க. எனக்கு மனசே ஆறல. அப்புறம் பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு மாறினேன், ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும், 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா நம்ம நம்பர சேவ் பண்ணி வெச்சவங்களுக்கு மட்டும்தான் போகும். இது தெரியாம, பதில் சொல்லாதவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு நானே நெனச்சிட்டேன், பாவம் அவங்களுக்கு மெசேஜே போகல. இப்பல்லாம் சேர்ற அன்னைக்கே பக்கத்துல உக்காந்து நம்பர சேவ் பண்ண வெச்சிடுறேன்.

2022 கடைசில, பல குரூப்ப ஒண்ணா சேத்து வெக்கிற கம்யூனிட்டி வசதி வந்துச்சு. அறிவிப்புக்குன்னு தனி இடம், அதுல நான் மட்டும்தான் போடுவேன், பேச்செல்லாம் அந்தந்த பேட்ச் குரூப்ல. அறிவிப்புப் பக்கத்துல ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது, அது பெண்களுக்கு பெரிய நிம்மதி.

ஆனா எனக்கு ரொம்ப கைகொடுத்தது லேபிள்தான், அதாவது ஒவ்வொருத்தர் சாட்டுக்கும் நாம ஒட்டி வெக்கிற அடையாளம். முட்டி வலி, பிரசவத்துக்கு அப்புறம், சுகர்னு போட்டு வெச்சிருக்கேன், இன்னொன்னு "வரல". மூணு நாள் சேந்தாப்புல வராதவங்களுக்கு அந்த லேபிள் போட்டு மெசேஜ் அனுப்பாம நேரா கால் பண்ணுவேன். ஒருத்தங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்திருக்காரு, கிளாஸ் பத்தி பேசவே இல்ல, கால் மணி நேரம் அழுதாங்க. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வந்தப்போ கூடவே தங்கச்சியையும் நாத்தனாரையும் கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு புது ஆளுங்க பெரும்பாலும் இப்படித்தான் வர்றாங்க.

ஒரு தப்பும் பண்ணிருக்கேன். ஒருத்தங்க எடை குறைஞ்ச படத்த, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான், குரூப்ல போட்டு பாராட்டினேன். அதே அளவுக்கு கஷ்டப்பட்டும் எடை குறையாத இன்னொருத்தங்க சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. அன்னையில இருந்து எடையப் பத்தி குரூப்ல மூச்சு விடுறதில்ல. குரூப்ல ஓட்டு கேக்குற போல் (poll) வசதிலயும் யாரு எத அமுக்கினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால கிளாஸ் நேரத்த மட்டும்தான் அதுல கேப்பேன். ஃபீஸ் ஞாபகப்படுத்துறதும் தனியாத்தான். முன்னாடியே எழுதி வெச்சுக்குற குயிக் ரிப்ளை, ஃபீஸ், டைமிங் சொல்ல நல்லா இருக்கு, முதுகு ஆபரேஷன் ஆனவங்க செய்யலாமான்னு கேட்டா அதெல்லாம் ஆகாது, உக்காந்து பேசணும்.

அந்த 22 பேர்ல 14 பேர் இன்னும் வர்றாங்க. புதுசா கிளாஸ் தொடங்குறவங்க மொத நாளே "வரல" லேபிள போட்டு வெச்சிடுங்க, கால் பண்றத சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெச்சுக்கோங்க, காலைல பண்ணினா அடுப்படில நிப்பாங்க, மனசு விட்டுப் பேச முடியாது.