'நெஃபெஸ்' முதலில், 'தா' அப்புறம்

துருக்கி ராணுவமும் குர்து கிளர்ச்சியாளர்களும் மோதும் துருக்கி மலைப் போர்ப் படங்களில் முதலில் எதைப் பார்ப்பது? 2009-இல் லெவென்ட் செமெர்ஜி எடுத்த 'நெஃபெஸ்' என்றுதான் சொல்வேன். கதை நடப்பது 1993-இல், இராக் எல்லையருகே 2,365 மீட்டர் உயரத்தில் 40 வீரர்கள் காக்கும் ஒரு காவல் முகாமில். சண்டையைவிடக் காத்திருப்புதான் அதிகம்: பனி, இரவுக் காவல், வீட்டுக்குப் போடும் போன். காவலில் தூங்கியதற்காக வீரர்களைக் கேப்டன் கண்டிக்கும் நீண்ட காட்சி நம்மையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அல்பெர் சாலரின் 'தா' (2012) அளவில் சின்னது. தாக்குதலில் தப்பிய, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத இரண்டே வீரர்கள், மலைக் குளிரில் பிழைக்க வேண்டும். அந்த உரசல்தான் படத்தின் பலம். ஆனால் இடையிடையே வரும் பழைய நினைவுகள் மலையின் பயத்தைக் குறைத்துவிடுகின்றன. குர்துகளின் தரப்புக்கு இரண்டு படங்களிலுமே இடம் குறைவு.